முதலில் நிலம், பிறகு தார்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஷாலோன் நகரையும் மாக்கோன் நகரையும் க்ளூனி வழியாக இணைத்த ரயில் பாதை ஒன்று இருந்தது. ரயில் நின்றது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, தடம் மட்டும் மிஞ்சியது. 1997இல் அந்தத் தடத்தில் ஜிவ்ரி முதல் க்ளூனி வரை ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளம் சைக்கிள் ஓட்டுவோருக்கும் நடப்போருக்கும் திறந்துவிடப்பட்டது. ‘வுவா வெர்த்’ என்று அந்நாட்டார் அழைக்கும் பசுமைவழிகளில் இதையே முதலாவதாகக் கொள்கிறார்கள். திராட்சைத் தோட்டங்களை ஒட்டியும் மேய்ச்சல் நிலங்களின் ஊடாகவும் செல்கிறது அது. புஸ்ஸி, கொர்மத்தான், தெஸே என்று ஊர் ஊராகக் கடந்தாலும் ஒரு லாரியின் இரைச்சல்கூடப் பக்கத்தில் வராது.

மோட்டார் வண்டி நுழையாத நெடுந்தூர சைக்கிள் பாதைகளுக்கு இந்த இதழின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். பாதை வரைவோர், போடுவோர், அதில் பயணிகளை அழைத்துச் செல்வோர் என மூன்று தரப்பினரும் நம் வாசகர்கள். மூவரிடமும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. இத்தகைய பாதையின் மூலதனம் அறுபடாத நிலப்பட்டை. தாரும் பலகையும் வேலியும் பிறகு வரலாம். நிலம் ஒருமுறை துண்டானால் திரும்ப ஒட்டுவது மிகக் கடினம்.

அந்த நிலப்பட்டை பிரான்சுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நம் துறையினர் தெரிந்துகொள்ள வேண்டும். 1870களின் இறுதியில் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரேசினே, சிறு நகரங்களையும் ரயிலால் இணைக்க முனைந்தார். 1879 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 181 புதிய ரயில் பாதைகளைப் பட்டியலிட்டது. அடுத்த மாதமே வந்த இன்னொரு சட்டம் முக்கியக் கால்வாய்களின் நீர்ப்பூட்டுகளை 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம் என ஒரே அளவுக்குக் கொண்டுவர வகைசெய்தது. மோட்டார் வாகனம் பெருகியதும் கிராமத்து ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன. கால்வாய்க் கரையில் குதிரைகள் படகிழுத்த பாதையும் தொழிலை இழந்தது. இன்று சைக்கிள் ஓடும் தடங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வகைதான். நீராவி எஞ்சினுக்காக வெட்டிய தடத்தில் ஏற்றம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவது அரிது. கால்வாய்க் கரையில் நீர்ப்பூட்டு வரும் இடத்தில் மட்டுமே சிறிது ஏற வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் பக்கப்பைகளோடு நாள் முழுக்க மிதிக்க முடிகிறதென்றால், அதற்கான பொறியியலில் பெரும்பகுதியை நூறாண்டுக்கு முன்பே யாரோ செய்துவைத்திருக்கிறார்கள்.

பட்டையைக் காப்பதன் பயனைப் பிரெத்தாஞ் பகுதியில் பார்க்கலாம். நாந்த்–ப்ரெஸ்த் கால்வாய் 364 கிலோமீட்டர் நீளமானது. 1920களில் தொடங்கிக் கட்டப்பட்ட கெர்லெதான் அணை அதை நடுவில் அறுத்தது. நீர்ப்பூட்டுகள் பல ஏரிக்குள் மூழ்கின. கரைவழி அங்கே முடிந்துபோனது. ஆனால் அதே பகுதியில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய சிற்றூர் ரயிலின் தடம், கர்ஹே பக்கமிருந்து முர் த பிரெத்தாஞ் வரை, கையை விட்டுப் போகாமல் இருந்தது. இன்று ரொஸ்கோஃப் துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் ‘வேலோதிசே’ நெடுவழி, அந்தப் பழைய ரயில் தடத்தில் ஏறி அணையைக் கடந்துவிட்டு மறுபடியும் கால்வாயில் இறங்குகிறது. ரயில் நின்ற கையோடு அந்த நிலத்தை அக்கம்பக்கத்து வயல்களுக்குப் பிரித்து விற்றிருந்தால் இந்த இணைப்பு சாத்தியமே இல்லை.

பட்டை இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கும் சான்று உண்டு. தூலூஸிலிருந்து கஸ்தே வரை 193 கிலோமீட்டர் ஓடும் கரோன் கால்வாயின் கரை ஏறக்குறைய முழுவதும் தார் போட்ட பசுமைவழி. மொவஸாக் மடாலயத்தைத் தாண்டிப் போனால் அஜானில் 23 வளைவுகளின் மேல் 539 மீட்டர் நீளத்துக்குக் கால்வாயே கரோன் ஆற்றைக் கடக்கிறது; சைக்கிள்காரரும் நீரின் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போகலாம். மேற்கே, சோவ்தேர் த கியேன் என்ற ஊரிலிருந்து பொர்தோ நோக்கி இன்னொரு பசுமைவழி. 1937இல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ரொஜே லப்பேபியின் பெயர் தாங்கிய பழைய ரயில் தடம் அது. அதன் வழியிலுள்ள க்ரெயோன் ரயில் நிலையம் இன்று சைக்கிள் பயணிகளுக்கான நிலையமாக உயிரோடு இருக்கிறது. இரண்டும் அருமையான பாதைகள். இரண்டுக்கும் நடுவில் உள்ள மேடுபள்ளமான திராட்சை நாட்டைக் கடக்கக் கார்கள் ஓடும் சிறு சாலைகளே கதி. பழகியவருக்கு அது இன்பமான ஓட்டம். டிரெய்லரில் குழந்தையை இழுத்துவரும் தாய்க்கோ அந்தச் சில மணி நேரந்தான் அந்தப் பயணத்தின் மிகக் கடுமையான பகுதி.

ஆகவே நெடுவழியின் மொத்த நீளத்தைப் பெருமையாக எழுதும் விளம்பரங்களை நம் துறையினர் இன்னும் நேர்மையாகத் திருத்த வேண்டும் என்று கருதுகிறேன். பிரெஞ்சுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2004இல் சாலை விதிகளில் சேர்க்கப்பட்ட வரையறை, பசுமைவழியை மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும், நடப்போருக்கும், குதிரையில் செல்வோருக்கும் மட்டுமே உரியதாக்கியது. நெடுவழிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பசுமைவழியும் போக்குவரத்துக் குறைந்த சாலையும் அதில் கலந்தே வரும். நெவேருக்கு அருகே தொடங்கி அட்லாண்டிக் கடற்கரை வரை 900 கிலோமீட்டர் செல்லும் லுவார் பாதை உலகப் புகழ் பெற்றது. அதன் கணிசமான பகுதி ஆற்றுக் கரை மேட்டுச் சாலைகளிலும் கிராமத்துத் தெருக்களிலும்தான் போகிறது. அதில் குறையொன்றும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ரயில்களில் கோடைக்காலத்தில் சைக்கிள்களுக்கென்றே பெட்டி இடம் ஒதுக்குவதால், களைத்தவர் ஏறிக்கொள்ள வழியும் இருக்கிறது. ஆனால் முதல்முறை வருகிற குடும்பத்துக்குக் கைப்புத்தகம் கிலோமீட்டர் வாரியாக உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கே மோட்டார் இல்லை, எங்கே உண்டு, எந்தச் சந்திப்பில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுவது பெரிய செலவல்ல.

அடுத்தது பராமரிப்பு. இங்கே கால்வாய் துய் மிதி நமக்குப் பெரிய பாடம். பியேர் போல் ரிக்கே 1666இல் தொடங்கி 1681இல் முடிந்த, தூலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிச் செல்லும் 240 கிலோமீட்டர் கால்வாய் அது. 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தூலூஸிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் வரை வழுவழுப்பான தார். பிறகு மாவட்ட எல்லை. அதைத் தாண்டி ஓத் மாவட்டத்தில் நெடுங்காலம் வேர் புடைத்த மண்தடமே இருந்தது, மழை பெய்தால் சேறு. கால்வாயும் ஒன்று, மரங்களும் ஒன்று, மாறியது நிர்வாகம் மட்டுமே. கரை அரசுக்குச் சொந்தம். பராமரிப்பது நீர்வழி நிறுவனம். அதன் மேல் சைக்கிள் பாதை போட மாவட்டம் தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் யார் எதற்குப் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். நிறுவனத்தின் மரத்து வேர் மாவட்டத்தின் தாரைப் பெயர்த்தால் செலவு யாருடையது? இதற்கு விடை எழுதாமல் திறப்பு விழா நடத்தும் எந்தப் பாதையும் பத்தாண்டுக்குள் பிளவுபடும்.

அந்த மரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கால்வாயின் இரு பக்கமும் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நின்றன. அவற்றை வாட்டும் பூஞ்சை நோய் 2006இல் கண்டறியப்பட்டது. நோயுற்றதை மட்டுமல்லாமல் பக்கத்திலுள்ளதையும் வெட்டி எரிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேர்களும் நீரும் நோயைக் கடத்துகின்றன. ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று; வேறு இனக் கன்றுகள் நட்டு வளர்கின்றன. தெற்குப் பிரான்சின் ஜூலை வெயிலில் நிழல் போன பாதையின் மேல் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் நண்பகலில் ஆள் வராது. பாதை வரைவோர் மரக்கணக்கையும் அகலக்கணக்கோடு சேர்த்தே போட வேண்டும். ஒரே இனத்தை வரிசையாக நடுவது கண்ணுக்கு அழகு, நோய்க்கு அதைவிட வசதி.

க்ளூனிக்குத் தெற்கே மாக்கோன் நோக்கி நீண்ட பாதையில் புவா க்ளேர் சுரங்கம் வருகிறது. 1.6 கிலோமீட்டர் நீளம், கோடையிலும் உள்ளே குளிர். குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். சைக்கிள்காரர்கள் குன்றின் மேலேறிச் சுற்றிப் போகிறார்கள். இந்த ஏற்பாட்டை முழுமனதோடு பாராட்டுகிறேன். ஆனால் மாற்றுவழி ஏற்றமானது என்பதைப் பயண அமைப்பாளர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

தார் வேண்டுமா, இறுக்கிய சரளை வேண்டுமா என்ற நீண்ட சண்டைக்கு இங்கே இடமில்லை. குதிரையும் நடையும் மிகுந்த இடத்தில் சரளை போதும், மழை மிகுந்த இடத்தில் தார் நல்லது என்பதே என் கருத்து. அகலம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. அன்ஸி ஏரிக்கரை போல வேகமாக ஓட்டுபவரும் குழந்தைகளும் நெருக்கியடிக்கும் இடங்களில் அதுவும் பற்றாது.

சந்திப்புகளில் நடும் தடுப்புகளைப் பற்றி வாசகர்களிடமிருந்து அதிகமான புகார்கள் வருகின்றன. கார் நுழையாமல் இருக்க வைத்த குறுக்குக் கம்பிகள் பல இடங்களில் பக்கப்பை மாட்டிய சைக்கிளையே மறிக்கின்றன. டாண்டமும் டிரெய்லரும் மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றும் வண்டியும் திரும்ப முடிவதில்லை. நடுவில் ஒற்றைக் கம்பம், இரு பக்கமும் தலா 1.5 மீட்டர் இடைவெளி, இருட்டில் மின்னும் பட்டை என்ற எளிய அமைப்பையே பரிந்துரைக்கிறோம். மாதிரி வரைபடங்கள் அடுத்த இதழில் வரும். அதற்குள் நீங்கள் பணியாற்றும் பாதைகளில் உள்ள தடுப்புகளை, சுமையேற்றிய சைக்கிளை உருட்டிப் பார்த்தே அளந்து, அளவுகளை எங்களுக்கு அனுப்புங்கள்.