யாருடைய கூலி?

"கூலி உயர்வு ஒப்பந்தம் ஏற்பட்டது" என்று பத்திரிகையில் வருகிறது. படித்த தொழிலாளி மகிழ்கிறான். வாரச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும்போது விழிக்கிறான். பழைய தொகைதான்! அப்படியானால் உயர்ந்தது யாருடைய கூலி? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தச் செய்தியையும் நம் தோழர்கள் படிக்கக் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.

கூலி சிறிய சொல்தான். அது சுமக்கும் பாரமோ பெரிது! வண்டிக்கூலி என்றால் வாடகை. செய்கூலி என்றால் பொற்கொல்லன் வேலைக்கான காசு. செய்த தீமைக்குக் கூலி கிடைத்தது என்றால் தண்டனை. கூலிப்படை என்றால் காசுக்குக் கொலை செய்யும் கூட்டம். வள்ளுவர் 619ஆம் குறளில் இந்தச் சொல்லை ஆண்டபோது, மெய் வருந்தி உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பயன் என்ற பொருளில் ஆண்டார். அதுவே இதன் நேர்ப்பொருள். கூலி என்பது உழைத்தவனின் உரிமை. இரங்கிப் போடும் பிச்சையல்ல.

இந்த நல்ல சொல்லை வெள்ளையர் ஆட்சி என்ன செய்தது? ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி' தமிழிலிருந்து போனது என்பர் ஒரு சாரார். குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். வேர் எதுவாயினும் விளைந்தது ஒன்றே. உழைப்பாளி வாங்கும் காசின் பெயர் உழைப்பாளிக்கே பெயராயிற்று!

1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் மலேயாவின் ரப்பர் காடுகளுக்கும் தமிழர் போயினர். அக்காலச் செய்திகளிலும் சர்க்கார் குறிப்புகளிலும் அவர்கள் 'கூலிகள்'. கூலி என்று எழுதிவிட்டால் பெயர் எழுத வேண்டாம். ஊர் எழுத வேண்டாம். செத்தால் குடும்பம் எது என்று கேட்கவும் வேண்டாம். எத்தனை சௌகரியமான சொல்! 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியார் அங்கே 'கூலி பாரிஸ்டர்' ஆனார். கடை வைத்திருந்த இந்தியர் 'கூலி வியாபாரி' ஆனார். காசைக் குறித்த சொல் ஓர் இனத்தையே இழிக்கும் வசையாயிற்று.

நம் தமிழ்ப் பத்திரிகைகளும் இதிலிருந்து தப்பவில்லை. தோட்டக் கூலிகள், ரயில்வே கூலிகள் என்று தயங்காமல் எழுதின. 2016 ரயில்வே பட்ஜெட்டில், மூட்டை தூக்குவோரை இனி 'சகாயக்' என்று அழைப்போம் என அறிவித்தார்கள். பெயர் மாறியது நல்லதே. ஆனால் அவர்களுக்கு ரயில்வேயின் மாதச் சம்பளம் வந்ததா? இல்லை. பயணி கொடுப்பதுதான் வருமானம். பெயரை மாற்றுவது எளிது. கணக்கை மாற்றுவதுதான் கடினம்.

சிங்காநல்லூர் வட்டாரம் பஞ்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த வட்டாரம். பஞ்சாலைத் தொழிலாளி சங்கம் கண்ட பிறகு பத்திரிகையில் வேறு மொழி வந்தது. கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ் என்ற சொற்கள் தலைப்பில் ஏறின. ஆளைக் குறித்த கூலி மறுபடியும் உரிமையைக் குறித்தது. இது அகராதி எழுதியோர் செய்த காரியமல்ல. ஆலை வாசலில் நின்றோர் செய்த காரியம்.

இன்றோ அதே சொல் மீண்டும் மங்குகிறது. சிங்காநல்லூரிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே சென்றால் சூலூர், பல்லடம்; வடக்கே சோமனூர். எல்லாம் விசைத்தறி ஊர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடாத் துணி நெய்து கொடுப்பார். அதற்குக் கிடைக்கும் தொகைக்குக் கூலி என்று பெயர். 2022 ஜனவரியிலும் 2025 மார்ச்சிலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றது இந்தக் கூலியை உயர்த்தக் கோரித்தான். கோரிக்கை நியாயமானது. சிறு தறிக்காரர்களில் பலர் குடும்பத்தோடு தாமே தறியில் நிற்பவர்கள். மின்கட்டணமும் உதிரிச் சாமான் செலவும் அவர்களை வாட்டுகின்றன. அவர்களை நாம் பகைவராகக் கருதவில்லை.

ஆனால் அந்தக் கூலிக்குள் தறி ஓட்டும் தொழிலாளியின் கூலி எங்கே? கரெண்டுக்குப் போக, வாடகைக்குப் போக, பழுதுக்குப் போக, மிச்சத்தில் ஒளிந்து கிடக்கிறது! தறி நின்ற நாட்களில் முதலில் பட்டினி கிடந்தவன் அவன். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்போது அவன் வெளியே நிற்கிறான். செய்தியிலும் அவனைக் காணோம். அவனுடைய கூலி என்ற சொல் மட்டும் தலைப்பில் பெரிய எழுத்தில் நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கூலி ஒப்பந்தம் எழுதும்போது, தறிக்காரருக்கு இவ்வளவு, அதில் தறித் தொழிலாளிக்கு இவ்வளவு என்று இரண்டு வரிகளாக எழுதுங்கள். பத்திரிகைகளும் அப்படியே பிரித்துப் போடட்டும். தோழர்களே, தேநீர்க் கடையில் பத்திரிகையைப் பலர் கேட்க வாசிக்கிறவர்கள் நீங்கள். கூலி என்ற சொல் வரும்போதெல்லாம் அங்கே நிறுத்துங்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று உரக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள்!