நகரத்துக் குப்பையும் கிராமத்து நிலமும்

வயலில் விளையும் நெல்லும், தோட்டத்தில் விளையும் காய்கனிகளும் நாள்தோறும் நகரங்களுக்குச் செல்கின்றன. அவற்றுடன் நிலத்தின் சத்தும் செல்கின்றது. அச்சத்தில் எஞ்சிய தோலும் தழையும் சோறும், கண்ணாடியுடனும் பிளாஸ்டிக்குடனும் கலந்து, ஏதேனும் ஒரு கிராமத்துப் புறம்போக்கில் மலைபோற் குவிகின்றன. அங்கே கிணற்று நீர் கெடுகின்றது. அடுத்த வயலோ எருவின்றி இளைக்கின்றது. நகரை வகுப்போர் கிராமத்தை மறந்ததன் பயன் இது.

இதற்கு இந்தூர் நகரம் நல்ல உதாரணம். 1924 முதல் 1931 வரை அங்கிருந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விவசாய விஞ்ஞானி, பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, ஈரமும் காற்றும் குன்றாமற் புரட்டி, சுமார் 3 மாதங்களில் மக்கெருவாக்கும் முறையை வகுத்தார். அம்முறை அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றது. அவ்வூரிலும் பிற்காலத்தில் தேவகுராடியா என்னுமிடத்தில் குப்பைமேடு வளர்ந்தது. நகரத்தார் வீடுதோறும் ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் தனித்தனியே வாங்கலாயினர். 2018-ம் வருஷத்தில் பழைய மேட்டைச் சலித்து நிலத்தை மீட்டனர். 2022 பிப்ரவரியில், நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயுவும் எருவும் எடுக்கத்தக்க ஆலையும் திறக்கப்பட்டது. ஆலையைக் கண்டு வியப்பவர், அதற்கு ஆதாரம் வீட்டு வாசலிற் பிரித்த குப்பையே என்பதை மறத்தலாகாது. கலந்த குப்பையை எந்த யந்திரமும் நல்லெருவாக்காது. அதிலுள்ள கண்ணாடித்துண்டு உழுபவன் காலைக் கிழிக்கும். ஈயமும் காட்மியமும் நிலத்திற் சேர்ந்தால் எளிதில் நீங்கா.

நகர எருவிற் சத்துக் குறைவு, வண்டிக்கூலி அதிகம் என்று விவசாயிகள் கூறுவது மெய்யே. ஒரு டன் மக்கெருவிலுள்ள தழைச்சத்து, 45 கிலோ யூரியா மூட்டையொன்றில் உள்ளதிற் பாதியளவே இருக்கக்கூடும். ஆயினும் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைத் தாங்கச் செய்யும் மக்கை யூரியா அளிக்காது. கூலி குறைய வேண்டுமாயின், நகரம் முழுமைக்கும் ஒரே பெருங்களம் தொலைவில் அமைவதைவிட, நாற்புறத்தும் வயல்களுக்கு அருகே சிறு உரக்களங்கள் அமைவதே தக்கது. இத்தகைய இடங்களை நகரமைப்புத் திட்டத்திலேயே குறிக்க வேண்டுமென 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் பணித்தன.

ஆகவே, திட்ட வரைவு ஆட்சேபணைக்காக வெளியிடப்படுங்கால் கிராம அதிகாரிகளும் நிலக்காரர்களும் வாளாவிருத்தல் தகாது. புறம்போக்கைக் குப்பை கொட்டக் கேட்டால் மறுத்தல் வேண்டும். உரக்களத்திற்குக் கேட்டால், பிரித்த குப்பையே வரவேண்டும், கசிநீர் கிணறுகளை அடையலாகாது, எரு முதலில் அவ்வூர் நிலங்களுக்கே கிடைக்க வேண்டும் என்னும் நிபந்தனைகளுடன் இசையலாம். எரு வாங்குமுன் பரிசோதனைச் சீட்டைக் கேட்டல் அவசியம்: உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது.

சீட்டு சரியாயிருப்பினும், முதற் போகத்தில் அரை ஏக்கரில் மட்டும் இட்டு, இடாத அரை ஏக்கருடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம். நிலம் கொடுத்ததை நிலத்திற்கே திருப்பும் நகரம் கிராமத்திற்கு நல்ல அயலார். குப்பையை மட்டும் அனுப்பும் நகரமோ தீராக் கடனாளி.