"முப்பது வருஷமா இப்படித்தான் தூக்கறோம் சார்"

லாரிப் பட்டறைக்குப் போய், "கேபினை ஏன் இப்படி வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "முப்பது வருஷமா இப்படித்தான் தூக்கறோம் சார், ஒன்னும் ஆனதில்லை" என்று பதில் வரும். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் சிலர் லாரி வைத்திருந்தவர்கள். சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். சாலையோர மனையைப் பட்டறைக்கு வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. ஆகவே உங்களிடம் நேராகவே சொல்கிறேன்: அந்தப் பதில் பொய். எத்தனையோ ஆகியிருக்கிறது. ஆனதெல்லாம் பையன்களுக்கு. மேஸ்திரி தள்ளி நின்று "தூக்கு, இன்னும் கொஞ்சம்" என்பார். அடியில் கையை விடுகிறவன் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். அடிபட்டால் ஊருக்குப் போய்விடுவான். அவன் போன பிறகு பட்டறைக் கணக்கில் "ஒன்னும் ஆனதில்லை" என்பதே நிற்கும்.

நான் மெக்கானிக் இல்லை, எழுத்தர். நான் வேலை பார்த்த துறை ஒன்றில் லாரிகளும் இருந்தன, அவற்றுக்கு ஒரு கொட்டகையும் இருந்தது. விபத்துக் காகிதங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை அப்போது எனக்கு மனப்பாடம். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கையில் நான்கு விரல் போனால் 50, மூன்று போனால் 30, இரண்டு போனால் 20. மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும்.

1980களில் ஒரு நாள் அந்த 20 சதவீதக் கணக்கைப் போட வேண்டி வந்தது. பழைய லாரி ஒன்றின் கேபினுக்கு அடியில் இருக்கும் ரப்பர்கள் நைந்துவிட்டன. கேபினின் ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஜாக்கிக்கு உயரம் போதாமல் அதன் தலையில் ஒரு சவுக்குக் கட்டை. உருண்டைக் கட்டை! உதவியாளப் பையன் புது ரப்பரை விரலால் உள்ளே தள்ளும்போது கட்டை உருண்டது. படிவத்தில் "விபத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி வந்தது. கட்டையை வைத்தது யார், ஸ்டாண்டு ஏன் இல்லை என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. நான் தனித் தாளில் அந்த இரண்டு கேள்விகளையும் எழுதி இணைத்தேன். மேலதிகாரி தாளைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டு மற்றதில் கையெழுத்துப் போட்டார்.

பழைய லாரி என்றாலே இந்த வேலை கூடுதல் ஆபத்து. நம் காலத்து லாரிகள் முழு வண்டியாக வரவில்லை. டாட்டா பென்ஸ் என்று நாம் சொன்ன வண்டி சேசிஸும் எஞ்சினும் முன்முகப்புமாக வரும். டிரைவர் மொட்டையாக உட்கார்ந்து, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, வெயிலில் ஓட்டி வருவார். கேபினும் பாடியும் நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ மரச்சட்டமும் தகடுமாகக் கட்டப்படும். ஆகவே ஒரு கேபின் போல இன்னொன்று இருக்காது. எந்த இடத்தில் கொக்கி மாட்டுவது, எடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லக் கம்பெனிப் புத்தகம் இல்லை. நாற்பது வருஷ மழையில் கதவடிச் சட்டம் உளுத்திருக்கும். வெளியே பெயின்ட் மட்டும் பளபளக்கும். அதன் கூரையில் கயிற்றைப் போட்டு இழுத்தால் கூரை மட்டும் கையோடு வந்தாலும் வரும்.

நல்ல பட்டறைகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். பாட்டரி இணைப்பை எடுப்பார்கள். ஏர் பிரேக் என்றால் டேங்கில் இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகுதான் குழாயில் ஸ்பானரை வைப்பார்கள். ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் இணைப்புகள், ஒயர் கட்டு எல்லாம் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. (கோப்புக் கட்டுகிறவன் என்பதால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.) கதவுத் திறப்புகளில் குறுக்கே குழாய் வைத்து இறுக்கிவிட்டால் கேபின் கோணாது. பட்டைகளைத் தளத்துக்கு அடியில் இருக்கும் உறுதியான சட்டங்களில் கொடுத்து, மேலே ஒரு குறுக்கு இரும்பில் பிரித்து மாட்டினால் கூரை நசுங்காது.

பிறகு இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி நிறுத்துவார்கள். இந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தால் கழற்ற மறந்த ஒன்று கட்டாயம் அகப்படும், பெரும்பாலும் எர்த் ஒயர் அல்லது ஸ்பீடோமீட்டர் கேபிள். பார்க்காமல் இழுத்தால் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் ஏறும், பிடித்தது திடீரென்று விடும். சில நூறு கிலோ ஊஞ்சல் ஆடும். அதைக் கையால் பிடித்து நிறுத்தப் போகிறவன் யார்? பையன்தான். அந்த ஆட்டத்தை நீளக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து அடக்க வேண்டும்.

எஞ்சினைத் தாண்டி மேலே வந்ததும் கேபினை நகர்த்தக் கூடாது. லாரியைத்தான் பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டும். உடனே கேபினை இறக்கித் தாங்கிகளில் உட்கார வைக்க வேண்டும். தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவதை நம் ஊரில்தான் பார்க்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுக்குப் பிரெஞ்சுக்காரன் 'ஷாந்தெல்' என்பான். மெழுகுவர்த்தி என்றும் அதற்குப் பொருள். ஜாக்கி 'கிரிக்', அது தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஷாந்தெல். நம் பட்டறையில் இரண்டு வேலைக்கும் ஜாக்கி ஒன்றுதான்.

திரும்ப மாட்டும்போதுதான் விரல்கள் போகின்றன. சேசிஸ் துளையும் கேபின் துளையும் நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கத்தரிக்கோலின் நடுவே விரலை வைப்பதும் இதுவும் ஒன்றுதான். கூர்முனைக் கம்பியை விட்டு நெம்பி நேராக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் கையால் மாட்டிய பிறகுதான் எதையும் இறுக்க வேண்டும். ஒன்றை முதலில் இறுக்கிவிட்டு மற்றது சேரவில்லை என்று கடப்பாரை போடுவது வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பரைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம். சில நாள் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். அதற்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவரும் முதலாளியை நான் பார்த்ததில்லை.

பிற்காலத்து வண்டிகளில் கேபினே முன்னால் கவிழும். அதற்கென்று பூட்டுக் கம்பி உண்டு. அது வளைந்துவிட்டது என்று கம்பிக்குப் பதில் விறகுக் கட்டை கொடுக்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை. பாதி தூக்கிய கேபினுக்கு அடியில் தலையை விடாதே என்று பையனிடம் மட்டும் சொல்லுங்கள்.

சட்டம் இல்லையா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவியையும் சங்கிலியையும் கயிற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை. நம் பட்டறையில் மேஸ்திரி, இரண்டு ஆள், இரண்டு பையன். 2020இல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு அந்த 10ஐ 20 ஆக்கியது. வேப்பமரக் கிளையைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

"காசு யார் கொடுப்பது" என்பது அடுத்த பதில். உளுக்காத ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாலே நல்ல தாங்கி கிடைக்கும். அதற்குக் காசைவிடப் பத்து நிமிஷப் பொறுமைதான் தேவை. சிமென்ட் மூட்டை ஏற்றும் லாரியை மூன்று நாள் நிறுத்தச் சம்மதிக்கும் முதலாளி, நான்காவது நாள் வேண்டாம் என்று மேஸ்திரியை விரட்டுகிறார். அந்த விரட்டல்தான் கட்டையை உருட்டுகிறது.

என் மைத்துனர் தன் மனையை ஒரு பட்டறைக்கு விட்டிருக்கிறார். போன முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: மரத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது. மேஸ்திரி முணுமுணுத்தார், வாடகையைக் குறைக்கச் சொன்னார். இருநூறு ரூபாய் குறைத்தார்கள். மூன்றாவது வாரம் நான்கு இரும்புக் கால்களும் மேலே உத்தரமும் வந்து நின்றன. செயின் பிளாக்கில் எத்தனை டன் என்பது படிக்கிற மாதிரி பெயின்டில் எழுதியிருந்தது.