பலகை நிற்க வேண்டிய இடம்

எங்கள் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. 2009 இற்குப் பின்னர் வன்னியில் காணிகளுக்குத் திரும்பியபோது, அந்தப் பலகைக்கு அப்பால் போன மாட்டைக்கூட விட்டுவிட்டு நின்றோம். அங்கே காவலுக்கு ஆள் இல்லை, தண்டப் பணமும் இல்லை. ஆயினும் கீழ்ப்படிந்தோம். ஆபத்து இருந்த இடத்திலேயே அது நின்றது. வெடி எடுக்கப்பட்டதும் பலகையும் எடுக்கப்பட்டது. அது எமக்குப் பொய் சொன்னதில்லை.

இன்று எமது ஊர்களை ஊடறுத்துப் போகும் காப்பற் வீதிகளின் பலகைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியுமா? வளைவின் வாயிலிலேயே வளைவுப் பலகை நிற்கிறது. பாடசாலைப் பலகையை மரக்கிளை மூடியிருக்கிறது. வேலை முடிந்து மாதக்கணக்கான இடத்தில் 'வேலை நடைபெறுகிறது' என்ற பலகை இன்னும் கிடக்கிறது. இரண்டு தரம் ஏமாந்த சாரதி மூன்றாந் தரம் பலகையைப் பார்ப்பானா?

வீதி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் பட்ட பாட்டை மறந்தவர் எம்மில் எவருமில்லை. நல்ல வீதி வந்ததால் நோயாளி நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறார், மரக்கறி வாடாமல் சந்தைக்குப் போகிறது. ஆனால் கிறவலில் குலுங்கிக் குலுங்கி வந்த வாகனம் இப்போது பறந்து வருகிறது. ஊரோ மாறவில்லை. அதே லான்ட்மாஸ்டர், அதே சைக்கிள், அதே மாடு.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். பிள்ளையைக் கண்டு சாரதியின் கால் பிரேக்கில் படவே ஒன்றரைச் செக்கன் போய்விடும். நல்ல காய்ந்த வீதியிலும் அது நிற்க ஏறத்தாழ 35 மீற்றர் வேண்டும். 70 இல் வந்தால் 55 மீற்றர். 100 இல் வந்தால், விளையாட்டுப் போட்டியில் எமது பிள்ளைகள் ஓடும் நூறு மீற்றர்த் தூரம் முழுவதும் வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதே காரணம். வளைவுக்கு 20 மீற்றருக்கு முன்னால் நட்ட பலகையால் பயனில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

விபத்து நடந்தால் நாம் இரண்டில் ஒன்றைச் சொல்கிறோம்: சாரதி வெறியில் வந்தான், அல்லது அவனுடைய காலம் முடிந்துவிட்டது. வெறியில் ஓட்டியவன் தண்டிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் ஒரே வளைவில் மூன்று பேர் மூன்று தரம் விழுந்தால் மூன்று பேரும் வெறிகாரரா? வளைவிலும் ஏதோ பிழை இருக்கிறது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறு அவனைக் கொல்லாதபடி வீதியை அமைப்பதே நோக்கம் என்று சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997 இல் ஏற்றுக்கொண்டது. இது வசதியான நாட்டின் பேச்சு என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. இதில் பெரும்பகுதி மையும் மண்வெட்டியும் கொண்டு செய்யக்கூடியது.

பலகையைவிட வீதியின் தோற்றமே சாரதியோடு உரத்துப் பேசுகிறது. அகன்று, நேராக, ஓரக்கோடு இல்லாமல் கிடக்கும் வீதி 'மிதி, மிதி' என்கிறது. அதன் ஓரத்தில் '50' என்ற சிறு வட்டம் தனியே நின்று என்ன செய்யும்? ஊர் தொடங்கும் இடத்தில் வீதி சற்று ஒடுங்கியதுபோலத் தோன்ற வேண்டும். குறுக்கே தடித்த கோடுகள் சில்லை அதிரச் செய்ய வேண்டும். சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஓரத்தில் உறுதியான இடம் வேண்டும். இரவில் நடுக்கோடு தெரிய வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் 'பூனைக் கண்' பதிக்கும் முறையை இங்கிலாந்தின் யோர்க்சயரைச் சேர்ந்த பேர்சி ஷோ என்பவர் 1930களிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

பலகையில் எழுத்திலும் படம் மேலானது. ஓடும் வாகனத்தில் ஆறு சொல் வாசிக்க நேரமில்லை, வாசிக்கிறவர் எல்லோருக்கும் ஒரே மொழியும் இல்லை. பிரித்தானியாவில் 1965 இல் நடைமுறைக்கு வந்த புதிய பலகைகளுக்குப் படம் வரைந்த மார்கரெட் கால்வர்ட் என்ற பெண்மணி, கால்நடை எச்சரிக்கைக்கு உறவினர் பண்ணையில் நின்ற ஒரு பசுவை மாதிரியாகக் கொண்டாராம். எங்கள் வீதிகளுக்கு அந்தப் பசு இன்னும் போதிய அளவு வந்து சேரவில்லை.

2014 ஒக்ரோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கால் நூற்றாண்டாகத் தண்டவாளத்தை ஒற்றையடிப் பாதையாகப் பாவித்த கால்களுக்கு, திரும்பவும் நின்று பார்க்கப் பழகுவது இலேசல்ல. அங்கே படலையும் மணியும் வெளிச்சமும் வேண்டும், வெறும் பலகை போதாது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கோபத்தைத் தரலாம். அறுவடைக் காலத்தில் பாதி வீதியை மறித்து நெல் காயப்போடுகிறோம், கல்லையும் மரக்குற்றியையும் காவலுக்கு வைக்கிறோம். இருட்டியதும் அந்தக் கல்லில் மோதுகிறவன் எங்கள் மருமகனாகவும் இருக்கலாம். பெட்டியின் பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பான் இல்லாமல் உழவு இயந்திரத்தை இரவில் ஓட்டுகிறோம். தார்ச் சூட்டுக்கு வந்து படுக்கும் மாடுகளைப் பட்டியில் அடைப்பதில்லை. ஆயினும் இதையும் கேட்கிறோம்: கால் ஏக்கர் மீள்குடியேற்றக் காணியில் வீடும் கிணறும் கட்டியவர் நெல்லை எங்கே காயப்போடுவது? வீதிக்குக் கோடு போடக் கேட்கும்போது ஊருக்குப் பொதுக் களம் ஒன்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பல சங்கங்கள் அலைகின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகளுக்கு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். பெரும்பாலான உள் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு உரியவை. பொதுவாக 'வீதி ஆபத்தானது' என்று எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கும். எந்தக் கிலோமீற்றர்க் கல்லுக்கு அருகில், எந்தப் பக்கம், எந்த மரம் எதை மறைக்கிறது, எத்தனை மணிக்குப் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். விழுந்தவர்களின் திகதிகளையும் சேருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் ஒன்றைப் பொலிஸ் நிலையத்துக்கும் கொடுத்து, மூன்றாவதைச் சங்கக் கோப்பில் வையுங்கள். மாரி தொடங்கினால் கோடு போட மாட்டார்கள். ஆகவே கடிதம் ஆவணிக்கு முன் போக வேண்டும்.