கூர்முனைக் குண்டு நேராகப் போகுமா?

மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் இடத்திலும், செங்கல்பட்டில் ஏர் கன் வைத்திருக்கும் இளைஞர்களின் பேச்சிலும் ஒரே கருத்து திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: குண்டு கூராக இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், வேகமாகப் பாய வேண்டும், அப்போதுதான் குறி தப்பாது. இப்போது கூடவே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "பெல்லட் எல்லாம் பழசு, இனிமே ஸ்லக்தான்." பெல்லட் என்பது இடை ஒடுங்கிய வழக்கமான ஏர் கன் குண்டு, ஸ்லக் என்பது இடுப்பில்லாத உருளைக் குண்டு. ராணுவத் தோட்டா கூராகத்தானே இருக்கிறது என்று காரணமும் சொல்கிறார்கள். ஆனால் பெல்லட் என்பது சிறிய அளவில் செய்த தோட்டா அல்ல. காற்றில் அது நிலைகொள்ளும் விதமே வேறு.

முதலில் கூர்முனை. செங்கல்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. அங்கே சுடப்படும் இன்சாஸ் போன்ற ஒரு ராணுவ ரைஃபிளின் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அது ஒலியின் வேகத்தைப் போல் இரண்டரை மடங்கு. அந்த வேகத்தில் முன்னால் அதிர்வலை எழும். அதைக் கிழித்துச் செல்லக் கூர்மை தேவை. போட்டி ஏர் ரைஃபிளின் குண்டோ நொடிக்குச் சுமார் 175 மீட்டர்தான் போகிறது. ஒலியைவிட மெதுவாகப் போகும் பொருளுக்கு முனை எவ்வளவு கூர் என்பது பெரிய விஷயமே இல்லை. பின்னால் காற்று எப்படிப் பிரிந்து சுழல்கிறது என்பதுதான் இழுவையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வீரர்கள் பயன்படுத்துவது தட்டை முகக் குண்டு. காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கூர்மைதான் துல்லியம் என்றால், உலகிலேயே மிகத் துல்லியமாகச் சுடுபவர்கள் மொட்டை முகக் குண்டோடு களமிறங்குவார்களா?

பெல்லட்டின் உயிர் அதன் இடுப்பிலும் பின்பாகத்திலும் இருக்கிறது. தலை கெட்டியான ஈயம், இடை ஒடுங்கியிருக்கும், பின்பாகம் உள்ளே குடைந்த மெல்லிய பாவாடை. எனவே எடையின் மையம் முன்னால் நிற்கிறது, காற்று பிடித்து இழுப்பது பின்னால் நடக்கிறது. முகம் சற்றுத் திரும்பினாலும் காற்றே அதைத் திருப்பி நேராக்கும். இறகுப்பந்து எப்படி அடித்தாலும் தக்கை முன்னால் வந்துவிடுகிறதே, அதே கணக்கு. குழலின் உள்ளே திருகு வரிகள் இல்லாவிட்டாலும் பெல்லட் தலை முன்னாகவே போகும்.

அப்படியானால் திருகு வரிகள் எதற்கு? சுழற்சிதான் குண்டை நேராக வைக்கிறது என்பது அடுத்த தவறான நம்பிக்கை. பெல்லட்டைப் பொறுத்தவரை சுழற்சி ஒரு துணை மட்டும். எந்தக் குண்டும் முழுச் சமச்சீராக வார்க்கப்படுவதில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கனமோ கோணலோ இருக்கும். சுழன்றால் அந்தக் கோணல் ஒரே திசையில் இழுக்காமல் எல்லாப் பக்கமும் பகிர்ந்து போய்விடும். பல ஏர் ரைஃபிள் குழல்களில் 40 முதல் 45 செ.மீ.க்கு ஒரு சுற்று என்றுதான் வரிகள் திரும்புகின்றன. அதுவே நொடிக்கு ஏறத்தாழ 400 சுற்று ஆகிறது; பெல்லட்டுக்கு அது போதும்.

வேகம் பற்றிய பேச்சுதான் அதிகம் ஏமாற்றுகிறது. பெட்டியின் மேல் நொடிக்கு 1,200 அடி என்று அச்சிட்டிருந்தால் வாங்குபவருக்குப் பெருமை. அது 365 மீட்டர். செங்கல்பட்டு வெயிலில் ஒலியின் வேகமே ஏறத்தாழ 350தான். ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் இழுவை திடீரென ஏறும், குண்டின் மேல் அழுத்தம் படும் இடங்கள் மாறும், இத்தனை நேரம் நேராக்கிக்கொண்டிருந்த காற்றே குண்டை உலுக்கும். அந்த எண்ணை எட்டுவதற்காக ஈயத்தை விட்டு இலேசான உலோகத்தில் குண்டு செய்கிறார்கள். அது வேகமாகக் கிளம்பி, வேகமாகவே தளர்ந்துவிடும்.

இனி காற்று. பலூனைத் தவறவிட்டவரிடம் "காத்து தள்ளிடுச்சி சார்" என்பது கடற்கரையின் வழக்கமான சமாதானம். ஈயம் கனமானது, அதைக் காற்று அசைக்காது என்பது அதற்கு நேரெதிரான வாதம். இரண்டும் தவறு. பக்கக் காற்று குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பது, இழுவையால் குண்டு எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட போட்டிக் குண்டு, நொடிக்கு 5 மீட்டர் கடற்காற்று என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது: 5 மீட்டர் தூரத்தில் விலகல் 3 மி.மீ. அளவுதான், பலூன் தப்ப அது காரணமே ஆகாது. 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். 20 மீட்டரில் 5 சென்டிமீட்டர். தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு.

அப்போது பலூன் ஏன் தப்புகிறது? பார்வைக்குறி நகர்ந்திருக்கலாம், காற்றில் பலூனே ஆடலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது கிண்ணத்தில் கொட்டிவைத்த, பாவாடை நசுங்கிய குண்டுகளை. சுடும்போது அந்த மெல்லிய விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து குழலோடு ஒட்டி அடைக்க வேண்டும். ஒரு பக்கம் நசுங்கினால் காற்று அந்த வழியே கசியும், குண்டு கோணலாக வெளியேறும், பிறகு சுருள் சுருளாகத்தான் பறக்கும். போட்டிக் குண்டுகளின் தலையை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பிரித்து, 4.49, 4.50 என்று விற்பதற்கும், ஒவ்வொன்றையும் தனிக் குழியில் அடுக்கித் தருவதற்கும் காரணம் இருக்கிறது.

ஸ்லக் விஷயத்தில் அதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இடுப்பில்லாத அந்த உருளைக் குண்டுக்கு இழுவை குறைவு. தூரம் போகும், காற்றில் குறைவாகவே ஒதுங்கும். ஆனால் அதன் காற்றழுத்த மையம் எடை மையத்துக்கு முன்னால் விழுவதால் காற்று அதைக் கவிழ்க்கவே பார்க்கும். முழுக்க முழுக்கச் சுழற்சிதான் அதைக் காப்பாற்ற வேண்டும். அதற்கேற்ற திருகு வரி, குழலோடு கச்சிதமான பொருத்தம், போதுமான வேகம் மூன்றும் வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் இல்லாமல் வாங்கும் ஏர் கன்னுக்கு 20 ஜூல், 4.5 மி.மீ. என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கும் சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்லக்கைத் திணித்தால் பெரும்பாலும் பெல்லட்டைவிட மோசமாகவே சிதறும்.

ஸ்லக் உண்மையிலேயே தேவைப்படுவது 100 மீட்டருக்கு அப்பால். செங்கல்பட்டு மாவட்டத்தில் அத்தனை தொலைவில் எதைச் சுடப் போகிறோம்? வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் இங்கேதான் இருக்கின்றன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே வரும் நாரையையும் கூழைக்கடாவையும் சுடுவது குற்றம், அது பெல்லட்டானாலும் ஸ்லக்கானாலும். போட்டித் தளத்தில் தூரம் பத்து மீட்டர். அங்கே பெல்லட்டை மிஞ்ச எதுவும் வரவில்லை.