கிளீனர் எங்கே?

தர்மபுரியில் இருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது, அதியமான்கோட்டை. அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளலின் பெயர் கொண்ட ஊர். பெங்களூர்–சேலம் பெரிய சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஓசூரில் இருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது. ஆகவே இரவானாலும் பகலானாலும் லாரிச் சத்தம் ஓய்வதில்லை.

இந்தப் பக்கத்து டீக்கடையில் வயதான டிரைவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். பழைய லாரிக் கதை தொடங்கிவிடும்.

"அந்தக் காலத்து வண்டிதான் வண்டி. இப்போது ஓடுவதெல்லாம் பொம்மை!" என்பார்.

அவர் சொல்வது சரியா? பாதி சரி. பாதி தப்பு.

கைப்பிடி சுற்றிய காலம்

பழைய லாரியைக் கிளப்புவதே ஒரு வேலை. முன்பக்கத்தில், மூக்குக்கு அடியில் ஒரு துவாரம் இருக்கும். அதில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்வார். வளைத்துப் பிடித்தால், இஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துவிடும்.

இரண்டாவது உலகப் போர் நடந்தபோது பெட்ரோலுக்குப் பஞ்சம். அப்போது வண்டிகளைக் கரி வாயுவில் ஓட்டினார்கள். பெரிய கரி அடுப்பு ஒன்றை வண்டியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அடுப்பை மூட்டி, கரி கனன்று, வாயு வந்த பிறகுதான் புறப்பாடு. மேடு வந்தால் வண்டிக்கு மூச்சு வாங்கும்.

போர்டு, செவர்லே, பெட்போர்டு, டாட்ஜ், பார்கோ என்று அன்று ஓடியவை எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-ல் அதுவே அசோக் லேலண்டு ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. பென்ஸ் நட்சத்திரம் போய், டாட்டாவின் எழுத்து வந்தது. அதற்குப் பிறகும் பழைய டிரைவர்களுக்கு அது 'பென்ஸ் லாரி'தான்!

அந்த வண்டிகள் அழகாக இருந்தன. மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டியவரின் உடம்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முழங்கால் அருகே இஞ்சின் கொதிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் பலம் முழுவதும் வேண்டும். 1925-ல் இருந்த சூடு அல்ல, 1985-லும் அதே சூடுதான். லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற சட்டம், 2025-ல்தான், அதுவும் புதிதாகச் செய்யப்படும் வண்டிகளுக்குத்தான் வந்திருக்கிறது. "டிரைவருக்கு ஏ.சி.யா?" என்று சிரிக்கிறவர்கள், சித்திரை மாதம் ஒரு நாள் பழைய லாரியில் ஏறிப் பார்க்கட்டும்.

ஆகவே பழைய லாரி போனதற்காக அழ வேண்டியதில்லை. லாரியோடு சேர்ந்து இன்னொருவரும் போய்விட்டார். அழ வேண்டுமானால் அவருக்காக அழலாம்.

இரண்டாவது ஆள்

அவர்தான் கிளீனர்.

வண்டியைத் துடைப்பவர் என்று பெயர். உண்மையில் அவர் செய்யாத வேலை இல்லை. கைப்பிடி சுற்றுவார். ரேடியேட்டர் கொதித்தால் தண்ணீர் தேடி ஓடுவார். டயர் கழற்றுவார், தார்ப்பாய் கட்டுவார். இரவில் அடுப்பு மூட்டிச் சோறு ஆக்குவார். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் கீழே குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். கட்டை விழ ஒரு நொடி தாமதமானால், சரக்கோடு லாரி பின்னால் உருண்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. பேசிக்கொண்டே வருவது!

"அண்ணே, கண்ணை அசத்துதா?" என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார். "ஓரமாக நிறுத்துங்கள், டீ குடிக்கலாம்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். விடியற்காலை 3 மணிக்கு அந்த ஒரு சொல் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

கிளீனர்தான் நாளைய டிரைவர். முதலில் ஷெட்டுக்குள் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தக் கற்பார். பிறகு, ஆள் இல்லாத நேரான சாலையில் ஸ்டீயரிங் கைக்கு வரும். மலைச்சாலையைக் கடைசியில்தான் கொடுப்பார்கள். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

அந்த மலைச்சாலைப் பாடம் ஒன்றே ஒன்று. எந்த கியரில் மலை ஏறினாயோ, அந்த கியரிலேயே இறங்கு.

தொப்பூர் இறக்கம்

அதியமான்கோட்டையைத் தாண்டிச் சேலம் நோக்கிப் போனால் தொப்பூர் கணவாய் வருகிறது. நீண்ட இறக்கம், வளைவுகள், இரட்டைப் பாலம். தமிழ்நாட்டு லாரிக்காரர்களில் இந்தப் பெயரைக் கேட்காதவர் இருக்க மாட்டார்.

2020 டிசம்பர் 12-ந் தேதி, சிமெண்டு ஏற்றி வந்த லாரி இங்கே நின்றுகொண்டிருந்த கார்கள் மீது மோதியது. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ந் தேதி லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்தன. அன்றும் 4 பேர். பெரிய செய்தியாக வந்தவை இவை. சின்னச் செய்தியாக வந்தவை ஏராளம்.

இறக்கத்தில் நடப்பது என்ன? சிலர் டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போடுகிறார்கள். இஞ்சினையே நிறுத்துகிறவர்களும் உண்டு. கியரில் இருக்கும் வரை இஞ்சின் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடாகிறது. சூடு ஏற ஏறப் பிடிப்பு குறைகிறது. இஞ்சினை நிறுத்தினாலோ, பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். பிறகு 20, 30 டன் பாரத்தை யார் நிறுத்துவது?

மிச்சம் பிடித்தது சில லிட்டர் டீசல்!

எச்சரிக்கைப் பலகைகள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் தனியாக, தூக்கக் கலக்கத்தில் வருகிறவர் பலகையைப் படிப்பாரா? பக்கத்தில் ஆள் இருந்தால் பலகை தேவையில்லை. "கியரைப் போடுங்கள், அண்ணே" என்று அவரே சொல்லிவிடுவார்.

சட்டம் என்ன சொன்னது?

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. நெடுந்தூர லாரியில் அது நடக்கிறதா என்று எந்த டிரைவரிடமும் கேட்கலாம். சிரிப்பார். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், தேசிய பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்னால் அது தளர்த்தப்பட்டது. தளர்த்தியது தப்பு. டயரைக் குறைத்து ஓட்டலாம் என்று யாரும் விதி எழுதுவதில்லை. ஆளைக் குறைப்பது மட்டும் எளிதாகத் தோன்றிவிட்டது.

லாரி முதலாளிகள் சொல்வதையும் கேட்க வேண்டும். டீசல், டயர், இன்சூரன்ஸ், சுங்கக் கட்டணம், வங்கித் தவணை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். ஒரே லாரியைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டுகிறவர்களும் பலர். இரண்டாவது சம்பளத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? நியாயமான கேள்வி. அதற்கு வாடகையில் வழி செய்ய வேண்டும். சரக்கு அனுப்புகிற பெரிய கம்பெனிகள்தான் அந்தச் சம்பளத்தைத் தர வேண்டும். அதனால் ஒரு மூட்டை சிமெண்டின் விலை சிறிது கூடினால் கூடட்டும்.

ஒன்று மட்டும் திரும்பி வரக்கூடாது. அந்தக் காலத்தில் கிளீனர் என்று 12, 13 வயதுச் சிறுவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடியும் திட்டும்தான் அவர்களுக்குச் சம்பளம். அந்தப் பையன்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும். லாரியில் ஏற வேண்டியது வயது வந்த ஆள். லைசென்சும் சம்பளமும் உள்ள ஆள்.

தொப்பூரில் வளைவைக் குறைத்து, மேம்பாலச் சாலை போடத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். நல்லது, சீக்கிரம் முடியட்டும். ஆனால் தூக்கம் பாலத்தின் மேலும் வரும்.

அதியமான்கோட்டைக்கும் தொப்பூருக்கும் நடுவே பாளையம் சுங்கச்சாவடி இருக்கிறது. லாரிக்கு எத்தனை அச்சு என்று எண்ணித்தான் அங்கே பணம் எடுக்கிறார்கள். கேபினுக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?