தொண்டு எண்டு சொன்னால் காசு குடுக்கத் தேவையில்லையா?

“சின்னப் பிள்ளையளுக்கு எழுதுறது ஒரு தொண்டு.” எங்கட பக்கத்துப் புத்தக வெளியீடுகளில கட்டாயம் கேக்கிற வசனம் இது. உரும்பிராயில எண்டாலும் சுன்னாகத்தில எண்டாலும் மேடை ஒண்டுதான், வசனமும் ஒண்டுதான். சொல்லுற ஆக்கள் நல்ல மனதோடதான் சொல்லுகினம். ஆனால் கலைப்பீடத்தில படிக்கிற, எழுத ஆசையுள்ள எங்களுக்கு இந்தத் ‘தொண்டு’ எண்ட சொல்லில சந்தேகம் இருக்கு. தொண்டுக்குச் சம்பளம் கேக்கேலாதே.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரை (1878–1953) எடுப்பம். ‘தங்கத் தாத்தா’ எண்டு எல்லாரும் கொண்டாடுற ஆள். ஆடிப்பிறப்பையும் கத்தரித்தோட்டத்து வெருளியையும் பாடிவைச்சவர். ஆடிப்பிறப்புக்குக் கிடைச்ச பள்ளிக்கூட விடுமுறை இப்ப இல்லை, பாட்டு மட்டும் இருக்கு. கூழும் கொழுக்கட்டையும் இன்னும் வீடுகளில நினைவில நிக்கிறதுக்கு அந்தப் பாட்டும் ஒரு காரணம். ஆனால் அவருடைய தொழில் வட்டுக்கோட்டையில் ஆசிரியம். பாட்டு எழுதினது அதுக்கு மேலதிகமாக. தமிழ்நாட்டிலும் அப்படித்தான். ‘குழந்தைக் கவிஞர்’ அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். இரண்டு பேரும் பெரிய ஆக்கள். இரண்டு பேருக்கும் சோறு வேற இடத்திலயிருந்து வந்தது.

இண்டைக்கும் நிலைமை பெரிசா மாறேல்லை. எங்கட ஊரில ஒருவர் சிறுவர் கதை எழுதினால் அவரேதான் தட்டச்சு செய்யிறார், ஓவியரைத் தேடுறார், அச்சகத்துக்கு முற்பணம் கட்டுறார், மண்டபம் பிடிக்கிறார், முதற் பிரதி வாங்க ஒரு பிரமுகரையும் பிடிக்கிறார். மிச்சப் பிரதியளை மோட்டார் சைக்கிளில கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாத் திரியிறதும் அவர்தான். 2022இல் கடதாசி தட்டுப்பட்டுப் பரீட்சையளே பிந்தின நாடு இது. அதுக்குள்ள கலர்ப் படம் போட்ட புத்தகம் அடிக்கிறது எவ்வளவு துணிச்சல் எண்டு யோசியுங்கோ.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். 500 பிரதி, விலை 400 ரூபாய். ஒண்டும் மிஞ்சாமல் வித்தாலும் கைக்கு வாறது 2 இலட்சம். அதில அச்சுக்கூலி, ஓவியர், கடைக்காரரின்ர கழிவு எல்லாம் போகவேணும். எழுதினவருக்கு நூற்றுக்குப் பத்து எண்டு வைச்சால் 20,000 ரூபாய். ஒரு வருசம் மினக்கெட்டு எழுதினதுக்கு அதுதான் கூலி. அதுவும் 500உம் வித்தால்தான்!

சனத்திட்டக் காசில்லை எண்டு சொல்லிப்போட்டுத் தப்பேலாது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலுக்கு மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டா வாங்கிறம், மூண்டு இடத்தில ரியூசன் விடுறம். பத்து வயசுப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் எண்டால் மட்டும் “சோதினை முடியட்டும் பாப்பம்” எண்டுறம். சோதினை முடிய பிள்ளையின்ர கையில ஃபோன் இருக்கும், பிறகு “இந்தக் காலத்துப் பிள்ளையள் வாசிக்கிறேல்லை” எண்டு புறுபுறுப்பம்.

சென்னையிலயிருந்து நல்ல புத்தகங்கள் வருகுதுதானே எண்டு கேக்கலாம். வருகுது, வரவும் வேணும். ஆனால் பலாலி வீதியால பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு, செம்மண் தோட்டமும் துலாக்கிணறும் பனங்காய்ப் பணியாரமும் ஒரு கதைக்குள்ள வாறது வேற சந்தோசம். தன்ர அம்மம்மா கதைக்கிற மாதிரி ஒரு பாத்திரம் கதைச்சால், தன்ர பேச்சும் புத்தகத்துக்குத் தகுதியானது எண்டு அந்தப் பிள்ளைக்கு விளங்கும். அதை இஞ்சை இருக்கிற ஒருவர்தான் எழுதவேணும்.

பிரிட்டனில 1979இல் ஒரு சட்டம் கொண்டுவந்தவை. பொது நூலகத்தில இருந்து புத்தகம் இரவல் போறதைக் கணக்கெடுத்து, எழுதினவருக்கும் படம் வரைஞ்சவருக்கும் சிறுதொகை குடுக்கிற சட்டம். அவ்வளவு தூரம் நாங்கள் இப்ப போகேல்லை. கேக்கிறது சின்ன விசயங்கள்தான். பிரதேச சபை நூலகங்கள் இஞ்சத்தைச் சிறுவர் புத்தகங்களை இனாமா வாங்காமல் விலை குடுத்து வாங்கட்டும். மண்டபமும் வளைவும் கட்டித்தாற வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள், அந்தக் காசில ஒரு துண்டை வகுப்பறைப் புத்தகங்களுக்கு ஒதுக்கட்டும். வாசிப்பு மாதத்தில எழுத்தாளரைக் கூப்பிடுற பள்ளிக்கூடங்கள், பொன்னாடையோட ஒரு கடித உறையும் குடுக்கட்டும். பொன்னாடையைக் குடுத்து அரிசி வாங்கேலாது.

நீங்களும் நாங்களும் செய்யக்கூடியது இன்னும் லேசு. அடுத்த பிறந்தநாள் வீட்டுக்குப் போகேக்க ஒரு சிறுவர் புத்தகம் வாங்கிக்கொண்டு போவம். எழுதினவர் தெரிஞ்ச ஆள் எண்டாலும் இனாமாக் கேளாமல், முழு விலையும் குடுத்து.